விட்டுப்போன முப்பத்து மூன்று

நோவா ஸ்கோஷியாவில், ஃபண்டி விரிகுடாவின் உள்மடியில்
எகானமி என்று ஓர் ஊர்.
சிக்கனம் என்று பெயரை வைத்துக்கொண்டு
நாளுக்கு இரண்டு முறை
முழுக்கடலையும் வாரி இறைக்கிற ஊர்.

அங்கேதான் முக்காலியை ஊன்றினேன்,
விடிகாலை ஐந்தே முக்காலுக்கு.
எட்டு மில்லிமீட்டர் கேமரா,
என்னைவிடப் பதினாறு வயது மூத்தது.
ட்ரூரோவில் யாரோ வீட்டைக் காலிசெய்தபோது
வாஃபிள் சுடும் இரும்போடு சேர்த்து
பன்னிரண்டு டாலருக்கு என் தலையில் கட்டினார்கள்.
பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் ஓடும்.
நான் ஓடவிடுவதில்லை.
இருபது நொடிக்கு ஒரு சொடுக்கு, ஒரே ஒரு பிரேம்.
இடைப்பட்ட பத்தொன்பது நொடி சொச்சத்தில்
உலகம் என்ன செய்தாலும் என் கணக்கில் வராது.

முதல் ஒரு மணி நேரம்தான் கைக்கடிகாரம்.
அப்புறம் கட்டைவிரலுக்கே தெரிந்துவிடும்.
ஒரு இரவு தூக்கத்தில்
போர்வையைச் சொடுக்கிக்கொண்டிருந்தேனாம்.

விருந்தில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோகிறவர் மாதிரி
கடல் கிளம்பிப் போயிற்று.
பத்தரைக்கெல்லாம் கண்ணுக்கெட்டிய மட்டும் செஞ்சேறு.
வாளியும் குட்டைக் கவையுமாக
வென்டல் ஃபுல்மர் மட்டி தோண்ட இறங்கினார்.
"என்னையும் பிடிக்கிறாயா?"
"குறுக்கே நிற்கிறீர்கள்."
"அப்படியானால் பிடி" என்று குனிந்தவர்
மூன்று மணி நேரம் நிமிரவில்லை.

ஒரு மணிக்கு மேல் மூடுபனி.
முதலில் தீவுகள், பிறகு வாளி, பிறகு வென்டல்.
நிறுத்தியிருக்கலாம். பிலிம் விற்கிற விலைக்கு
நிறுத்தியிருக்கத்தான் வேண்டும்.
ஊர்ப்பெயரை நினைத்துக்கொண்டே
ஒன்றுமில்லாததை
ஒவ்வொன்றாகச் சொடுக்கினேன்.

அப்போது கேட்டது.
கத்தல் இல்லை. மறந்துபோன பெயரை
நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிற குரல்:
"ஏய்... ஏய்... கேமரா..."

சொடுக்குக் கம்பியைக் கைவிட்டேன்.

இடது பூட்ஸ் முட்டிவரை சேற்றின் வாய்க்குள்.
தண்ணீர் வந்துகொண்டிருந்தது,
நடக்கிற வேகத்தில், அவசரமே இல்லாமல்.
முக்காலிப் பையை விரித்து அதன்மேல் குப்புறப் படுத்து
ஆடும் பல்லை அசைப்பதுபோல
அவர் காலை அசைத்தேன்.
இருவரும் பேசவில்லை.
ஒரு தடவை மட்டும் "எண்ணுகிறாயா?" என்றார்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.
கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.

திரும்பி வருவதற்குள் பனி கலைந்திருந்தது.
மணி பார்த்தேன், விரல் நடுங்க மறுபடி சொடுக்கினேன்.
பதினோரு நிமிடம்.
முப்பத்து மூன்று பிரேம்.
திரையில் இரண்டு நொடி.

இன்ஸ்டன்ட் காபி, சலவைச் சோடா, வைட்டமின் சி:
பிலிமை வாளியில் கழுவினேன்,
எதிர்ப்பதிவாகவே விட்டுவிட்டேன்.
ஃபுல்மர் வீட்டுக் கொட்டகையில்
இறால் வைக்கும் ஃப்ரீசரின் மூடிதான் திரை.
சேறு சாம்பல், மூடுபனி கன்னங்கரேல்,
வென்டல் அதில் துள்ளுகிற ஒரு பொரி.
"என் மூன்று மணி நேரம்?"
"முப்பத்து நான்கு நொடி."
"இடுப்புக்கு அது தெரியாது" என்று சிரித்தார்.

வெர்னா சிரிக்கவில்லை.
"அந்த இடத்தை இன்னொரு தடவை போடு."
போட்டேன்.
"பனி இப்படி வெட்டினாற்போல விலகாதே.
இருட்டு, உடனே கடல்.
நடுவில் என்ன ஆயிற்று?"

வென்டல் புரொஜக்டர் விளக்கைச் சுற்றும்
பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வீட்டில் சொல்லவில்லை என்று
அப்போதுதான் எனக்குப் புரிந்தது.
வாசலில் அவருடைய பூட்ஸ்:
ஒன்று பழசு, ஒன்று புத்தம்புதுப் பச்சை.

"சாவி தீர்ந்துவிட்டது" என்றேன்.
"கொடுத்துக்கொண்டிருந்தேன்."

அந்த இடது பூட்ஸ் இன்னும் அங்கேதான் நிற்கிறது.
யாரும் சொடுக்காமல்
கடல் அதன்மேல்
வருகிறது, போகிறது.